ஆடிப்பெருக்கில் கட்டிய கயிறு

ஆடிப் பதினெட்டன்று குடமுருட்டிப் படித்துறையில் பெண்களுக்குக் கழுத்திலும் ஆண்களுக்குக் கையிலும் மஞ்சள் கயிறு கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பில் படித்த, அதுவரை ஆண்பிள்ளை என்றே நாங்கள் நினைத்திருந்த என் தங்கையின் பிள்ளை, தன் முறை வந்தபோது கையை நீட்டவில்லை. "பெரியம்மா, எனக்கும் கழுத்துல கட்டச் சொல்லுங்க" என்று என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். என் அம்மா அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். காப்பரிசித் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கழுத்திலேயே கட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் பெண்பிள்ளை.

வீட்டில் கிடைத்த அந்த இடம் பள்ளியில் கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்பில், காதை மூடிய முடியை ஒட்ட வெட்டினால்தான் வகுப்புக்குள் வரலாம் என்றார்கள். வெட்டிக்கொண்டு வந்தவள் பதினொரு நாள் பள்ளிக்குப் போகவில்லை. கண்ணாடியைத் துண்டால் மூடி வைத்திருந்தாள். மனநல மருத்துவரிடம் காட்டி "மாற்றிவிடலாம்" என்று உறவினர் சிலர் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனமே 2019-இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில், பிறப்பில் குறித்த பாலினமும் உணரும் பாலினமும் வேறாக இருப்பதை மனநோய்களின் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது. பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யுமாறு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். பருவமடையாத பிள்ளைக்கு மருந்தோ அறுவைச் சிகிச்சையோ தேவையில்லை. அழைக்கும் பெயரும் உடுத்தும் உடையும் நம்பிக் கேட்கும் காதுமே தேவை.

திருநங்கைகள் என்றாலே சிரிப்புக்குரிய பாத்திரமாகக் காட்டிய திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது செய்தித்தாள்கள் மரியாதையாக எழுதுகின்றன, உண்மைதான். ஆனால் விருது பெற்ற பிறகுதான் எழுதுகின்றன. மதுரையில் பிறந்து, குடும்பத்தை விட்டு வெளியேற நேர்ந்து, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றதை எல்லோரும் கொண்டாடினோம். அந்தப் பெருமையைச் சொல்லும்போது, ஒரு சிறுமி வீட்டை இழந்த கதையை ஏதோ தவிர்க்க முடியாத முதல் அத்தியாயம்போலக் கடந்துவிடுகிறோம் என்பதுதான் என் மனத்தாங்கல். சாதிக்காவிட்டாலும், அம்மா வார்க்கும் தோசைக்காக அடுப்படியில் காத்திருக்கும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் உண்டல்லவா? திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல், பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவிலேயே எழுதப்பட்டது.

அதே சட்டத்தில், பதினெட்டு வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோர் மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி வைத்தார்கள். அவள் இப்போது பத்தாம் வகுப்பு. மதிப்பெண் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகும் என்ற கவலை அவளுக்குத் தேர்வைவிடப் பெரிதாக இருக்கிறது. விண்ணப்பத்துக்கான உறுதிமொழிப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து வாங்கி வந்து பத்து நாளாகிறது. தங்கையின் கணவர் அதை இரண்டு முறை எடுத்துப் படித்துவிட்டு, கையெழுத்திடாமல் பீரோவில் திரும்ப வைத்திருக்கிறார். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. நேற்று என்னிடம், "அண்ணி, அந்தப் பேருக்கு ரெண்டு சுழி 'ன'வா, மூணு சுழி 'ண'வா?" என்று மட்டும் கேட்டார்.