பிரித்துத் தைத்த போர்வை

தானமாகக் கொடுக்கிற பொருளுக்குத் தரம் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், பார்த்தே ஆக வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். காசு கொடுத்து வாங்கியவர் கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போடலாம். இலவசமாகப் பெற்ற குழந்தைக்கு அந்த வழி கிடையாது. ஆகவே தானத்துக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சென்ற குளிர்காலத்தில் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் எங்கள் குயில்ட் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வியும், அதற்கு நான் சொன்ன பதிலும் இன்னும் மனதைக் குடைந்துகொண்டிருக்கின்றன.

"இதை யார் பிரித்துத் தைத்தது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

"எத்தனை இடத்தில்?"

"சில இடங்களில்."

அவ்வளவுதான் நடந்தது. பக்கத்து மேசையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர்களுக்குக் கூட இது காதில் விழுந்திருக்காது.

நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் பகுதியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கும், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போகும் பிள்ளைகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்துக்கும் எங்கள் போர்வைகள் போகின்றன. உறுப்பினர்கள் துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணியை மட்டும் தைத்துக் கொடுத்தால் போதும். நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி என்று மூன்றையும் சேர்த்து, லாங் ஆர்ம் என்ற பெரிய குயில்ட் தையல் இயந்திரம் வைத்திருக்கும் உறுப்பினர் தைத்துத் தருவார். சுற்றிலும் பட்டி கட்டுவது வேறொருவர். மேல்துணி அடுத்த கைக்குப் போவதற்கு முன் அதைப் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும்படி பொத்தானோ மணியோ இருக்கக் கூடாது. குண்டூசி எங்காவது சிக்கியிருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே இருக்கக் கூடாது என்பது இந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. அதனால் சிறிய போர்வைகள் தரையில் விரித்து விளையாடத்தான், தொட்டிலுக்கு அல்ல என்று ஒரு சீட்டும் வைப்போம். புதிய பருத்தித் துணி மட்டுமே என்பதும் ஒரு விதி. பிறந்த குழந்தையைப் பாட்டியின் நைந்த பருத்திப் புடவையில் சுற்றிய ஊரிலிருந்து வந்தவள் என்பதால், அந்த விதியை மட்டும் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் நடைமுறைப்படுத்துகிறேன்.

இந்தப் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் திருப்பூர். அங்கே ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் செக்கிங் பிரிவில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கையில் டிரிம்மரோடு பிசிறு வெட்டுவதில் தொடங்கி, லாட்டையே, அதாவது ஒரு முழுத் தொகுதியையே, நிறுத்திவைக்கும் அதிகாரம் வரை போனவள் நான். குழந்தைகளின் ஆடை என்றால் அங்கே பயம் அதிகம். இயந்திரத்தில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி கொடுப்போம். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அந்த மேசையில் இருந்த பீஸ் எல்லாம் தனியே ஒதுக்கப்படும். இங்கே காந்தத்தை ஓட்டுகிறபோதெல்லாம் என் கை அந்தப் பழக்கத்தில்தான் போகிறது.

கேள்வி கேட்ட அந்த மூத்த உறுப்பினரின் மேல்துணியைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது சதுரங்களைச் சேர்த்து ஒரு கட்டம். அப்படிப் பல கட்டங்கள். மஞ்சளும் வெளிர்பச்சையும், நடுநடுவே சின்ன ஓடங்கள் அச்சிட்ட நீலமும். எங்கள் சங்கத்தில் நிறம் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஓடங்கள் எல்லாம் ஒரே திசையில் போகும்படி துணியை வெட்டியிருந்தார். அதற்கு எவ்வளவு துணி வீணாகும், எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும். பிறகு அதைத் திருப்பிப் பார்த்தேன். குயில்ட்டில் தையலுக்கு வெளியே கால் அங்குலம் ஓரம் விட வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது சரியாகவே இருந்தது. ஆனால் சில வரிசைகளில் கால் அங்குலத்தில் தொடங்கி, பாதி தூரத்தில் அரைக்கால் அங்குலமாகி, மூலையில் துணியின் கடைசி இழைகளைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. இரண்டு விரல்களால் லேசாக இழுத்தேன். ஊசித் துளைகள் வாய் திறந்தன. ஓர் இழை நழுவி வெளியே வந்தது. அவருக்கு எண்பது வயதுக்கு மேல். கை நடுங்கத் தொடங்கியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அப்படியே அனுப்பியிருக்க முடியாது. மருத்துவமனையில் ஒரு குழந்தைக்குக் கொடுத்த போர்வை அந்தக் குழந்தையோடு வீட்டுக்குப் போகும். வாந்தி படும், மருந்து படும், வாரத்துக்குப் பலமுறை இயந்திரத்தில் சுழலும். 1995 இறுதியில் கொலராடோவில் கேரன் லௌக்ஸ் என்ற பெண், புற்றுநோய் சிகிச்சையின்போது தன் போர்வையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, டென்வரில் ஒரு புற்றுநோய்க் குழந்தைகள் மையத்துக்குப் போர்வைகள் கொடுக்கத் தொடங்கினார். 'புராஜெக்ட் லைனஸ்' என்று நாடெங்கும் பரவிய இயக்கம் அப்படித்தான் பிறந்தது. அந்தக் கதையில் என் மனதில் நிற்பது 'பிடித்துக்கொண்டிருந்தாள்' என்பதுதான். பிடித்து இழுக்கப்படுவதற்காகவே ஒரு பொருளைக் கொடுக்கிறோம். மூன்றாவது துவைப்பில் ஓடத்துக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்து பஞ்சு வெளியே வந்தால், அந்தக் குழந்தைக்கு நாம் கொடுத்தது என்ன?

ஆகவே பிரித்தேன். இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. குறைந்த ஓரத்தைக் கூட்டித் தைத்தால் கட்டம் சுருங்கிவிடும். ஒரு கட்டம் சுருங்கினால் பக்கத்துக் கட்டம் அதோடு பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர, சரியாக இருந்த தையல்களையும் பிரிக்க வேண்டியதாயிற்று. குறை சில இடங்களில்தான் இருந்தது; பிரித்தது ஏறக்குறைய முழுவதும். அவர் கேட்டது எதை? குறை எத்தனை இடத்தில் என்றா, பிரித்தது எத்தனை இடத்தில் என்றா? நான் முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். அது உண்மையான பதில். அவர் கேட்டது இரண்டாவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறு சில நாட்களில், அவருக்கு வேண்டியிருந்ததே அந்த 'சில' தான், முழுக்கணக்கைச் சொல்லியிருந்தால் அது கொடுமை என்று நினைத்துக்கொள்கிறேன். இரண்டையும் நான் நம்புகிறேன். எது அவருக்காக நினைப்பது, எது எனக்காக நினைப்பது என்று பிரித்தறிய முடியவில்லை.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போர்வை முழுதாகத் தைத்து முடிந்து, பட்டியும் கட்டி, மாதக் கூட்டத்தில் எல்லோரும் பார்ப்பதற்காக மேசையில் விரித்திருந்தது. அவர் அருகில் வந்து, நீலத் துணியும் மஞ்சளும் சேரும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். தையலின் ஓரத்தை இரண்டு பக்கமும் விரித்துத் தேய்ப்பது அவருடைய வழக்கம். நான் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்ப்பேன். அதுதான் பலம் என்பது என் கட்சி. மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விரலுக்குத் தெரியும். ஒரு பக்கம் மேடு தட்டும். அந்த நடுங்கும் விரல் அங்கே நின்றது. அப்புறம்தான் அந்தக் கேள்வி.

என் பதிலைக் கேட்டுவிட்டு, "முன்பே சொல்லியிருக்கலாமே. நான் வேறு ஏதாவது செய்திருப்பேன்" என்றார். போர்வையின் பின்பக்கம் தைக்கும் துணிச்சீட்டில் தைத்தவரின் முதற்பெயரை எழுதுவது எங்கள் வழக்கம். பேனாவை என்னிடம் நீட்டினார். "நீயே எழுது" என்றார். என் பெயரை எழுத மனம் வரவில்லை. அவர் பெயரை எழுத உரிமை இல்லை என்று பட்டது. சங்கத்தின் பெயரை மட்டும் எழுதினேன்.

திருப்பூரில் குறையுள்ள பீஸை நாங்கள் யாரும் சரிசெய்ததில்லை. சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, ஆல்ட்டர் என்று சொல்லி, தைத்த அக்காவிடமே திருப்பி அனுப்புவோம். அவர் திட்டுவார். "உனக்குக் கண்ணு மட்டும்தான் இருக்கு" என்று என்னிடம் நேராகவே சொன்னவர்கள் உண்டு. ஆனால் பிரித்துத் தைத்தது அவர்தான். பீஸ் கடைசிவரை அவருடையதாகவே இருந்தது. அதை மரியாதை என்று அப்போது நினைத்ததில்லை. வேலையின் முறை, அவ்வளவுதான். அந்த முறையை இங்கே ஏன் பின்பற்றவில்லை? அவர் கையால் முடியாது என்று நானே தீர்மானித்துவிட்டேன். அந்தத் தீர்மானம் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பத்து வரிசையைப் பிரித்து மறுபடி தைப்பது அவருக்குச் சித்திரவதையாகியிருக்கும். தைத்தாலும் அதே ஓரம்தான் வந்திருக்கும். ஆனால் "வேறு ஏதாவது" என்று அவர் சொன்னாரே, அது என்னவாக இருந்திருக்கும் என்று நான் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஏற்றுமதியில், எத்தனை குறை வரை ஏற்கலாம் என்பதற்கு ஏ.க்யூ.எல். 2.5 என்று ஒரு கணக்கு உண்டு. 500 பீஸ் உள்ள லாட்டில் 50 எடுத்துப் பார்ப்போம். அதில் பெரிய குறை மூன்று வரை இருந்தால் லாட் போகலாம். நான்கு என்றால் லாட் முழுவதும் திரும்பும். பணம் கொடுக்கும் வாடிக்கையாளரே மூன்று குறையைப் பொறுத்துக்கொள்வார். தானம் கொடுக்கும் இடத்தில் நான் ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை. இங்கே லாட் கிடையாது, ஒவ்வொரு போர்வையும் ஒரு குழந்தை என்பதுதான் என் வாதம். அதை யாரிடம் வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

கோணலாக இருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். அலபாமாவின் கீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த பழைய உடைகளை வெட்டித் தைத்த போர்வைகளில் கோடுகள் நேராக இருக்காது. கட்டங்கள் சாய்ந்து போகும். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்த அந்தப் போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. அங்கிருந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போயின. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது. கோணலில் அழகு உண்டு என்பதை நானும் அறிவேன். நான் கை வைத்தது பலவீனத்தில் மட்டும்தான். இதை அவரிடம் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். சொல்ல வேண்டிய நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது "சில இடங்களில்" என்ற இரண்டு சொற்கள்.

அதன் பிறகும் அவர் கூட்டத்துக்கு வருகிறார். மேல்துணி கொண்டுவருவதில்லை. துணிகளைத் தேர்ந்து, எதற்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று அடுக்கி, நாடாவால் கட்டி, மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். தைக்கத் தெரிந்த ஆனால் நிறம் சேர்க்கத் தயங்குகிற உறுப்பினர்கள் அவற்றைப் போட்டி போட்டுக்கொண்டு எடுத்துப் போகிறார்கள். எங்கள் போர்வைகள் முன்பைவிட அழகாகிவிட்டன என்று மருத்துவமனையிலிருந்து வாங்கிச் செல்பவரே சொன்னார். இதுதானா அவர் சொன்ன "வேறு ஏதாவது"? அல்லது தையலை விட்டு அவர் விலகிக்கொண்டதற்கு நான் காரணமா? அவரோடு பேசும்போது துணியைப் பற்றிப் பேசுகிறோம், அவர் பேரனின் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம். இதைப் பேசியதில்லை.

இந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் மேல்துணி வந்தது. இரண்டு வரிசையில் ஓரம் குறைவு. அன்றைக்கே கூப்பிட்டு, குறையை விரல் வைத்துக் காட்டி, கையில் கொடுத்து அனுப்பினேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். அடுத்த வாரம் சரிசெய்து கொண்டுவந்தாள். பார், இப்படித்தான் செய்ய வேண்டும், தெரிந்துகொண்டாய் அல்லவா என்று என் கணவர் சொன்னார். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவளிடம் சொல்வதற்கு எனக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை, சென்ற வருடமாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். சங்கத்தில் இன்னும் இரண்டு பேருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. அவர்களில் ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு மேல்துணி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.