எண்ணெய் போன வழியில் ஆள் போகவில்லை

கொரோனாக் காலத்தில் பயணத் தடைகளால் அனைத்துலக வணிகம் படுத்துவிட்டது என்று பேச்சு எழுந்தால், விமான நிலையத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்கும் கோட்டுக்காரரைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் வட்டாரத்தில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கும் எனக்கு, இந்தோனேசியாவின் லோம்போக் தீவிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்திறங்கும் அறுவடைக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். எங்கள் தொழிலில் கடல் கடந்து வந்தே தீர வேண்டியவர் அவர்தான். மற்றவர்கள் போனிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம். முடித்தும்கொண்டார்கள்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. தோட்ட வேலைக்கு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஆலை ஓடியது. டாங்கி லாரிகள் எண்ணெயை ஏற்றிக்கொண்டு பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தில் சரக்கு லாரிகளுக்கும் தடை இல்லை. அதே பாலத்தை விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாகச் சிக்கிக்கொண்டார்கள். ஆகஸ்டு 17இல் இரண்டு வழிகள் திறந்தன. அலுவல் பயணிகளுக்கு ஒன்று: பரிசோதனை செய்துகொண்டு, முன்கூட்டியே கொடுத்த பயணத் திட்டப்படி சில நாள் போய் வரலாம். தொழிலாளிக்கு மற்றொன்று: குறைந்தது மூன்று மாதம் அங்கேயே தங்கி வேலை செய்த பிறகுதான் வீட்டுக்கு வரலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தால் யாருடைய பயணத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது புரிந்துவிடும்.

தோட்டம் முறையாக நடக்கிறது என்று காட்ட மேல்நாட்டுக் கொள்முதல்காரர்கள் கேட்கும் சான்றிதழுக்கான தணிக்கையும் காணொளிக்கு மாறியது. தணிக்கையாளர் தம் வீட்டில் உட்கார்ந்திருப்பார். நான் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றி வருவேன். குழாயைத் திறக்கச் சொல்வார், திறப்பேன். மருந்து அலமாரியின் பூட்டைக் காட்டச் சொல்வார், காட்டுவேன். கீழ் லயத்தில் அலைவரிசை கிடைக்காது. மழை பெய்தால் முற்றம் முழுவதும் சேறாகும் பகுதியும் அதுதான். ஆகவே அவர் பார்த்ததெல்லாம் அலுவலகத்தை ஒட்டிய, சுண்ணாம்பு அடித்த வீடுகள். யாரும் எதையும் மறைக்கவில்லை, அலைவரிசை மறைத்துவிட்டது. நேரில் வந்த காலத்தில் மட்டும் எல்லாவற்றையும் பார்த்தார்களா என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். ஆனாலும் சேறு காலணியில் ஒட்டும், திரையில் ஒட்டாது.

அரசாங்கம் 2020 ஜூனில் புதிய அந்நியத் தொழிலாளர் சேர்ப்பை நிறுத்தி வைத்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பினார்கள், அவர்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை. ஒரு மரத்துக்குப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை அறுவடைக்காரர் வர வேண்டும். அந்தச் சுற்று மாதத்தைத் தாண்டியது. குலை அளவுக்கு மீறிப் பழுத்தால் பழங்கள் தாமாகவே உதிர்ந்து மரத்தடியில் செம்மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். அடிபட்ட பழத்தில் அமிலம் ஏறும், ஆலையில் தரம் இறங்கும். பொறுக்கவும் ஆள் இல்லாமல் போன இடங்களில் புல்லோடு புல்லாகக் கிடந்து முளைக்கவும் செய்தது. உள்ளூர் இளைஞர்களை எடுக்கலாமே என்று மேலிடம் சொன்னது. விளம்பரம் செய்தோம். வந்தவர்கள் நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்தார்கள். கழுத்து வலிக்கிறது என்று சிலர் அன்று மாலையே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சம்பளத்துக்கு என் மகனை நான் அனுப்புவேனா?

லோம்போக்காரர் ஒருவர் ஒப்பந்தம் முடிந்தும் இருந்துவிட்டார். போனால் திரும்பி வர வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். ஊரில் தாயார் இறந்தபோது அடக்கத்தை அலுவலக வாசலில் நின்று கைப்பேசியில் பார்த்தார், அங்கேதான் அலைவரிசை கிடைக்கும். மறுநாள் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு வந்து நின்றார். அவரைப் போன்றவர்கள் ஊருக்குப் போகாமல் இருந்ததால்தான் எங்கள் தோட்டத்தில் அந்த அளவுக்காவது குலை இறங்கியது. மாத அறிக்கையில் அதற்கென்று கட்டம் ஏதும் கிடையாது.

2020 மே வாக்கில் டன் 2,000 ரிங்கிட் அளவில் இருந்த எண்ணெய் விலை, 2022 மார்ச்சில் 7,000ஐத் தாண்டியது. நாட்டின் உற்பத்தியோ 2019இல் ஏறத்தாழ 1 கோடியே 99 லட்சம் டன்னாக இருந்து, 2021இல் 1 கோடியே 81 லட்சமாகக் குறைந்தது. விலை பொன்னாக இருந்த நேரத்தில் பழம் மரத்தடியில் கிடந்தது. தோட்டங்களுக்கு 32,000 பேரைக் கொண்டுவர 2021 செப்டம்பரில் அனுமதி அறிவித்தார்கள். அனுமதிக்கும் ஆளுக்கும் நடுவே பெர்மிட், மருத்துவச் சோதனை, தனிமைப்படுத்தும் இடம், இரண்டு நாட்டு அலுவலகங்கள் என்று வரிசையாக இருந்தன.

2022 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை திறந்தது. கொள்முதல்காரர்களும் தணிக்கையாளர்களும் சில வாரங்களிலேயே எங்கள் விருந்தினர் விடுதிக்கு வந்துவிட்டார்கள். ஜூலையில் இந்தோனேசியா ஆள் அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. எங்களுக்கு வர வேண்டிய புதிய அறுவடைக்காரர்கள் ஆண்டுக் கடைசியில்தான் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் விலை 4,000 அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களுக்கு அரிவாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த லோம்போக்காரர். அது முடிந்த பிறகுதான் அவருக்கு விடுப்பு கிடைத்தது.