ஹம்மில் ரயில் இரண்டாகப் பிரியும்

சித்தி மகளுக்கு விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் ஜெர்மனி போகிறாள். கஸ்ஸல் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. நான் அங்கே போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது லீவுக்கு வந்து திங்கள்சந்தையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்று சாயங்காலம் கொட்டுகிற மழையில் குடையோடு வந்து நின்றாள். "எக்கா, பிராங்க்பர்ட்ல எறங்கி கஸ்ஸல் வர தனியா ரயில்ல போணுமாம். பயமா கெடக்கு." அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் இன்னும் பலர் இப்படிப் போகப்போகிறார்கள்.

நம்மூர் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் போதும், எதிர் சீட்டு அம்மா "எங்க மக்களே எறங்கணும்?" என்று கேட்டுவிடுவார். குழித்துறை தாண்டியதும், நாம் கண்ணயர்ந்திருந்தால், "இரணியல் வரப்போவு, பைய எடு" என்று தட்டி எழுப்புவார். அங்கே அப்படிக் கேட்பது அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது என்று நினைக்கிறார்கள். நாம் போய்க் கேட்டால் நன்றாகவே உதவுவார்கள். ஆனால் தானாக யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள். அந்த எதிர் சீட்டு அம்மாவின் வேலையையும் நாமேதான் பார்க்க வேண்டும்.

எனக்கு இது புரிந்தது முதல் வருஷ டிசம்பரில். பெர்லினிலிருந்து கொலோனுக்கு ஐசிஇ ரயில், அங்கத்து அதிவேக ரயில். அங்கே டிக்கெட் வேறு, சீட் ரிசர்வேஷன் வேறு. நான் டிக்கெட் மட்டும் எடுத்திருந்தேன். ஏறினேன், காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். அந்த ரயில் ஹம் என்ற ஊரில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஹாகன், வுப்பர்டால் வழியாகக் கொலோன் போகும். மறுபாதி டோர்ட்மண்ட், எஸன் வழியாக டுசெல்டார்ஃப் போகும். நான் உட்கார்ந்திருந்தது டுசெல்டார்ஃப் பாதியில். கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே 'டோர்ட்மண்ட்' என்ற பலகை. அடித்துப்பிடித்து இறங்கினேன். சாயங்காலம் மணி ஐந்துகூட ஆகவில்லை, கன்னங்கரேலென்று இருட்டு. போனில் நாலு சதவீதம் சார்ஜ். கொலோனில் நான் தங்கவேண்டிய வீட்டு விலாசமும் நம்பரும் அந்தப் போனுக்குள் மட்டும்தான் இருந்தன.

என் டிக்கெட் விலை மலிவானது, அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும். கவுண்டரில் புது டிக்கெட் எடுத்து அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்தேன். ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த பிளாட்பாரத்தில் நின்ற கால்மணி நேரம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் நோட்டு இல்லாமல் ரயில் ஏறியதில்லை. உள்ளங்கை அளவு நோட்டு. போகும் வீட்டு விலாசம், இரண்டு போன் நம்பர், ரயில் நம்பர், பெட்டி நம்பர், இறங்கும் ஊருக்கு முந்தின ஸ்டேஷன் பெயர். ஏறும்போது பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் கடைசி ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுத்தான் கால் வைப்பேன். பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்று அங்கேயே காட்டியிருப்பார்கள்.

சித்தி மகளை முதல் பக்கம் எழுத வைத்தேன். கஸ்ஸலில் இரண்டு பெரிய ஸ்டேஷன். பெயரைப் பார்த்தால் ஹவுப்ட்பான்ஹோஃப்தான் தலைமை நிலையம், ஆனால் ஐசிஇ நிற்பது வில்ஹெல்ம்ஸ்ஹோயே ஸ்டேஷனில். "நம்ம நாகர்கோவில் ஜங்ஷனும் டவுனும் மாதிரியா எக்கா?" என்று கேட்டாள். அதேதான். பிராங்க்பர்ட்டிலிருந்து ஃபுல்டா வந்ததும் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டும், அடுத்தது இறங்கும் இடம் என்று எழுதிக்கொண்டாள்.

திருட்டைப் பற்றியும் கேட்டாள். மிலான், ரோம் போன்ற பெரிய ஸ்டேஷன்களில் டிக்கெட் மெஷின் பக்கத்தில் வலிய வந்து பட்டன் அமுக்கித் தருகிறவரிடம் வேண்டாம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். பையில் கை விழுவது பெரும்பாலும் எல்லாரும் முண்டியடித்து ஏறும் அந்த அரை நிமிஷத்தில். அப்போது பை முன்பக்கம் இருக்கட்டும். கதவோர சீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், கதவு மூடும் நேரத்தில் பறித்துக்கொண்டு குதித்துவிடுவார்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் எழுதிக் கொடுத்து அந்தத் தாளை வாங்க வேண்டும், பிறகு பெர்லினில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கோ பிராங்க்பர்ட், மூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகத்துக்கோ போக வேண்டும். ஐரோப்பிய யூனியன் முழுக்க அவசரத்துக்கு 112. இந்தியாவிலும் அதே நம்பர்தான் என்றதும் அவளுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

ராத்திரி ரயில் என்றால், நைட்ஜெட் என்ற படுக்கை வசதி ரயிலில் பெண்களுக்கு மட்டுமான அறை கேட்டு எடுக்கலாம், உள்ளிருந்து பூட்டிக்கொள்ளலாம். புது ஊருக்கு முதல் தடவை போகும்போது மட்டும் வெளிச்சத்தில் போய் இறங்குகிற ரயிலாகப் பார்க்கச் சொன்னேன், பத்து யூரோ கூட ஆனாலும்.

அப்புறம் அம்மாமார் விஷயம். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு ரயில் இறங்கினால் இங்கே ஒன்றரை மணி. டோர்ட்மண்ட் அன்றைக்கு என் போன் அணைந்துபோய், அம்மா விடியவிடிய வாசலில் உட்கார்ந்திருந்தார். இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: ஏறும்போது ஒரு மெசேஜ், இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்று. அதுவும் வராவிட்டால் நோட்டில் உள்ள அந்த இரண்டு நம்பருக்குக் கூப்பிட வேண்டும். அந்த நம்பர்கள் இங்கே சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்திலும் எழுதியிருக்கின்றன. அதன்பிறகு அம்மா தூங்குகிறார்.

சித்தி மகளுக்கு அம்மா இப்போது ஒரு துணிப்பை தைக்கிறார், எனக்குத் தைத்ததுபோலவே. பழைய பிளவுஸ் துணி, சுடிதாருக்குள் இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா, வாயில் இரட்டைப் பட்டன். அளவு பார்க்க அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி மெஷின்மேல் வைத்திருக்கிறார். "ரெண்டு வெரலு கூட விடுதேன் மக்களே," என்றார், "அந்த நோட்டும் இதுக்குள்ளதான் இருக்கணும்."