கரூவிலிருந்து கேட்கும் நியூட்ரான் விண்மீன்கள்

தென்னாப்பிரிக்காவில் கார்னார்வன் அருகே கரூ என்னும் வறண்ட வெளியில் நிற்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கியின் 64 தட்டுகளைப் பற்றி டர்பனில் உள்ள எங்கள் தமிழ் வகுப்பில் பேச்சு எழுந்தால், நான் முதலில் எடுத்துக்கொள்வது, பெரிய விண்மீன்கள் வெடித்தபின் எஞ்சும் செறிந்த உள்ளகங்களான நியூட்ரான் விண்மீன்களைத்தான். சூரியனை மிஞ்சிய நிறை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் விட்டத்துக்குள் அடங்குவதால், உள்ளகத்தின் அடர்த்தி அணுக்கருவின் அடர்த்தியைப் பல மடங்கு தாண்டுகிறது. அங்கே நியூட்ரான்கள் அப்படியே இருக்கின்றனவா, தம் உட்கூறுகளான குவார்க்குகளாகக் கரைந்துவிடுகின்றனவா என்பதே கேள்வி.

இதை எந்த ஆய்வகத்திலும் செய்து பார்க்க முடியாது. விண்மீனின் நிறையும் ஆரமும்தான் சொல்ல வேண்டும். பருப்பொருள் எளிதில் அமுங்குமானால் விண்மீன் சிறுத்திருக்கும், அது தாங்கும் நிறையும் குறையும். 2010-இல் சூரியனைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நிறையுள்ள பல்சார் (சுழன்றபடி சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) ஒன்று அளக்கப்பட்டதும், மென்மையான பருப்பொருளைக் கருதிய பல கோட்பாடுகள் அடிபட்டுப்போயின. மறுபுறம், 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான இரு நியூட்ரான் விண்மீன்களின் மோதல் எழுப்பிய ஈர்ப்பு அலைகளில் (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளில்), அவ்விரண்டும் ஒன்றையொன்று இழுத்து உருக்குலைத்த அளவு சிறிதாகவே தெரிந்ததால், மிகவும் பருத்த விண்மீன்களுக்கும் இடமில்லாமல் போயிற்று. அம்மோதலின் ஒளியை எங்கள் நாட்டுச் சதர்லாந்தில் உள்ள சால்ட் என்னும் ஒளித் தொலைநோக்கியும் பிடித்தது; அதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

2024-இல் வெளியான மீர்காட் செய்தி இன்னும் சுவையானது. என்ஜிசி 1851 என்னும் விண்மீன் கொத்தில், நொடிக்கு 170 முறைக்கு மேல் சுழலும் பல்சார் ஒன்றோடு சேர்ந்து சுற்றும் துணைப்பொருள் 2.09 முதல் 2.71 வரையிலான சூரிய நிறை கொண்டது. அது நியூட்ரான் விண்மீனாக இருந்தால், இந்தப் பருப்பொருளின் விறைப்பைப் பற்றிய கணக்குகள் பலவற்றைத் திருத்த நேரும். என் மனமோ இலேசான கருந்துளை என்ற பக்கமே சாய்கிறது.