பத்து வழித்தடத்துக்கு மேலே ஒரு காடு

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கும் லிபர்ட்டி கேன்யனிலிருந்து நேற்றுதான் திரும்பினேன். அங்கே கூட்டிப்போன வண்டிக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அங்கே பார்த்ததும் மனசைவிட்டு இறங்கவில்லை. செலவுக் கணக்கோடு ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் பூமா என்கிற மலைச்சிங்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சாண்டா மோனிகா மலைகளில் 2002 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை விஞ்ஞானிகள் பூமாக்களைப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, ரத்தம் எடுத்து, இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டி விடுகிறார்கள். இதுவரை நூற்றுக்கும் மேல். பிடிபட்ட வரிசைப்படி பி-1, பி-2 என்று எண்தான் பெயர். அதில் பி-22 வாழ்ந்த கிரிஃபித் பூங்காவுக்குத்தான் முதலில் போனேன்.

அதற்குக் கார் வேண்டாம். மெட்ரோவில் வெர்மான்ட்–சன்செட் நிலையத்தில் இறங்கினால் வானாய்வுக்கூடம் வரைக்கும் பேருந்து ஏறிப் போகிறது. உள்ளே போகக் கட்டணமும் கிடையாது. எல்லாரும் ஹாலிவுட் எழுத்துகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் இருக்கும் மவுண்ட் ஹாலிவுட் உச்சிக்கு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடு, கடை, சாலை. மேற்கே இருக்கும் மலைகளிலிருந்து ஒரு பூமா இங்கே வரவேண்டுமானால் 405, 101 என்ற இரண்டு பெரிய ஃப்ரீவேக்களை, அதாவது அதிவேகச் சாலைகளை, கடக்கவேண்டும். பி-22 கடந்து வந்தது. 2012இல் தானியங்கிக் கேமராவில் சிக்கியது. வளர்ந்த ஆண் பூமாவுக்குச் சுமார் 390 சதுர கிலோமீட்டர் தேவை. இது இருபத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டருக்குள் பத்து வருடம் காலம் தள்ளியது. மான் கிடைத்தது, துணை கடைசிவரை கிடைக்கவில்லை.

2014இல் அதற்குச் சொறி பிடித்து முகமே உருக்குலைந்துபோனது. ரத்தத்தைச் சோதித்தால் எலி விஷம்! வீடுகளில் வைக்கும் அந்த மருந்து ரத்தம் உறையாமல் செய்துவிடும். எலியைத் தின்ற விலங்கை இன்னொன்று தின்ன, விஷம் மேலே மேலே ஏறி பூமா வரைக்கும் வந்துவிடுகிறது. சொறிப் பூச்சிக்கு மருந்தும் வைட்டமின் கே ஊசியும் போட்டுத் தேற்றினார்கள். கலிஃபோர்னியா 2020இல் இந்த வகை விஷங்களில் மிகக் கொடியவற்றைப் பெரும்பாலான இடங்களில் தடுத்துச் சட்டம் போட்டது. இன்னும் பத்து வருடம் முன்பே போட்டிருக்கவேண்டிய சட்டம். 2022 டிசம்பரில், தலையில் அடிபட்டு, சிறுநீரகமும் கெட்டுப்போன நிலையில் பி-22ஐக் கருணைக் கொலை செய்தார்கள்.

கீழே இறங்கி, தாய்லாந்துக்காரர்களின் தாய் டவுனில் சாப்பிட்டேன். பப்பாளிக்காயை உரலில் இடித்து, பச்சை மிளகாயும் எலுமிச்சையும் பிழிந்து ஒரு சாலட், கூடவே ஒட்டும் அரிசிச் சோறு. கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொரு தட்டு வாங்கினேன். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழு மதிப்பு கிடைத்த ஒரே இடம் அதுதான்.

மறுநாள் லிபர்ட்டி கேன்யன். அகூரா ஹில்ஸ் ஊரில், 101 ஃப்ரீவே ஓரம். போகும்போது 62 டாலர். அங்கேயே காத்திருந்து அதே கட்டணத்துக்குத் திரும்பக் கூட்டிப்போவதாக வண்டிக்காரர் சொன்னார். திரும்பும் நேரத்தில் 110 டாலர் ரொக்கமாகக் கொடு, இல்லாவிட்டால் கிளம்புகிறேன் என்றார். சுற்றிலும் வேறு வண்டி இல்லை என்று அவருக்குத் தெரியும். மூன்று நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம். பேரம் பேசிப் பேசி 95க்கு இறங்கினார். இது பகல் கொள்ளை, வேறு சொல் இல்லை.

ஆனாலும் அந்த இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். பத்து வழித்தடம், நாளுக்கு மூன்று லட்சம் வாகனங்கள். பக்கத்தில் நின்றால் பேசுவது காதில் விழாது. தெற்கு மலையில் இருக்கும் பூமாக்கள் வடக்கே போகமுடியாமல், ஆண் தன் மகளோடேயே சேர்கிறது. 2009இல் பி-12 என்ற ஒன்று இங்கே சாலையைத் தாண்டித் தெற்கே வந்து புது ரத்தம் கொண்டுவந்தது. பிறகு அதுவும் தன் மகள்களோடுதான் சேர்ந்தது. 2020இல் பிடித்த பி-81க்கு வால் நுனி வளைந்திருந்தது, ஒரு விரை பைக்குள் இறங்கவே இல்லை. ஃப்ளோரிடாவின் பூமாக்கள் அழியும் நிலைக்குப் போனபோது இதே அடையாளங்கள்தான் தெரிந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டபின்தான் அவை மீண்டன. அதனால் இங்கே விஞ்ஞானிகள் வால் நுனியைக் கண்டதும் பதறியதில் அர்த்தம் இருக்கிறது. இப்படி நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்வதன் பாதிப்பு முற்றினால் ஐம்பது வருடத்துக்குள் இந்த மலைப் பூமாக்கள் அநேகமாக அற்றுப்போகும் என்று 2019இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

அதற்கு மருந்தாகத்தான் சாலைக்குமேல் 2022 ஏப்ரலில் வேலை தொடங்கிய பாலம். கார் போகாது, மனிதர் போகக்கூடாது, விலங்குகளுக்கு மட்டும். அகலம் ஐம்பது மீட்டருக்கு மேல். 2025 மார்ச் கடைசியில் மேலே மண் போட ஆரம்பித்தார்கள். அக்கம்பக்க மலைகளிலேயே விதை பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்த செடிகளை நடுகிறார்கள். சத்தமும் வெளிச்சமும் உள்ளே வராமல் ஓரங்களில் தடுப்பு. செலவு ஒன்பது கோடி டாலருக்கு மேல். வீண் செலவு என்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. மலையை வெட்டிச் சாலை போட்டவர்கள்தான் வழியும் விடவேண்டும்.

போகிறவர்கள் பாலத்தின்மேல் ஏற முடியாது, பக்கத்துச் சாலையிலிருந்துதான் பார்க்கலாம். ஃப்ரீவேக்குத் தெற்கே லிபர்ட்டி கேன்யன் இயற்கைக் காப்பிடத்தில் பெரிய ஓக் மரங்களுக்கிடையே நடைபாதை இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டிப்போவதுதான் மலிவு.