7 மாசம் ஃபெல்லோஷிப் வராம அலைஞ்ச கதை: பிஎச்டி மக்களே, ஆதார் சீடிங்க செக் பண்ணிக்கோங்க

நேத்து சாயங்காலம் பிங்க் பஸ்ல நின்னுக்கிட்டே வந்துட்டிருக்கேன், போன்ல ஒரு மெசேஜ். லோன் வேணுமான்னு கேக்குறவனா இருக்கும்னு நினைச்சேன், பார்த்தா 2,59,000 ரூபா கிரெடிட். மாசம் 37,000, ஏழு மாசம், கால்குலேட்டர்ல ரெண்டு தடவ பெருக்கிப் பார்த்தேன், சரியா இருந்துச்சு. பக்கத்து சீட்டுல கூடையோட உக்காந்திருந்த அம்மா "ஏன்மா அழுவுற"ன்னு கேட்டாங்க, சம்பளம் வந்துருச்சுங்கன்னு சொன்னேன். ஜேஆர்எஃப்னு, பிஎச்டி பண்றதுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) மாசாமாசம் குடுக்குற உதவித்தொகைன்னு, பஸ்ல வெளக்கவா முடியும்.

ஜேஆர்எஃப்ல இருக்குறவங்களுக்குத் தெரியும், ஜாயினிங் ரிப்போர்ட்டு குடுத்ததோட வேல முடியாது. இந்தப் புள்ள இங்கதான் இருக்கு, ஆராய்ச்சி பண்ணுதுன்னு யூனிவர்சிட்டி மாசாமாசம் கனரா பேங்க் போர்ட்டல்ல கன்ஃபர்ம் பண்ணணும். அதுல மேக்கர்னு ஒருத்தர், செக்கர்னு ஒருத்தர். மேக்கர் ஏத்தி விடணும், செக்கர் ஓகே குடுக்கணும், ரெண்டுல எது நின்னாலும் காசு நின்னுரும். எனக்கு முதல் அஞ்சு மாசம் ஒழுங்கா வந்துச்சு. ஆறாவது மாசம் வரல, லேட்டா வரும்னு விட்டுட்டேன், ஏழாவதும் வரல, அதுக்கும் சும்மா இருந்தேன். இதுதான் நான் பண்ணின மொத தப்பு. ஒரு மாசம் தப்புனாலே போய் நில்லுங்க.

காசு நின்ன மூணாவது மாசம்தான் யூனிவர்சிட்டில ஃபெல்லோஷிப் பாக்குற செக்‌ஷனுக்குப் போனேன். அங்க இருந்த சார் தலையத் தூக்காமலே "யுஜிசில ஃபண்டு இல்லம்மா, வந்தா தானா வரும்"னாரு. நம்பி வந்துட்டேன். அடுத்த வாரம் வேற டிபார்ட்மென்ட் அண்ணன் ஒருத்தர் கேன்டீன்ல எனக்கு போன மாசம் வந்துச்சேங்குறாரு. அவருக்கு ஃபண்டு இருக்கு, எனக்கு மட்டும் இல்லையா? திரும்பப் போனேன். இந்தத் தடவ கைடு கையெழுத்தோட கவரிங் லெட்டர் கொண்டான்னாரு. கொண்டு போனா ஹெச்ஓடி வழியா வரணும்னாரு. ஹெச்ஓடி கையெழுத்து வாங்கிட்டு போனா சார் லீவு. மறுநாள் போனா லெட்டர்ல தேதி பழசா இருக்குன்னு திருப்பிக் குடுத்தாரு. தேதி பழசானதுக்கு யாரு சார் காரணம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

கடைசியில உண்மையச் சொன்னது அந்த சார் இல்ல, ஃபைல் தூக்கிட்டு போற அக்கா. செக்கரா இருந்தவர் ரிட்டயர்டு ஆயிட்டாராம், புது ஆளுக்கு லாகின் இன்னும் மாத்தலயாம். அதாவது மேக்கர் மாசாமாசம் போட்டுக்கிட்டே இருந்திருக்காரு, அந்தப் பக்கம் ஓகே குடுக்க ஆளே இல்ல. என் பேரு மட்டும் இல்ல, எங்க பேட்ச்ல இன்னும் மூணு பேரு அந்த லிஸ்ட்ல தொங்கிட்டிருந்திருக்கோம், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே. காசு வரலன்னு சொல்லக் கூச்சப்பட்டு எல்லாரும் கம்முனு இருந்திருக்கோம். மத்த டிபார்ட்மென்ட்டுக்கு வேற செக்கர், அதான் அந்த அண்ணனுக்கு வந்துச்சு.

நாலு பேரும் சேர்ந்து லெட்டர் குடுத்து இன்வர்டு நம்பர், அதாவது லெட்டர் வந்து சேர்ந்துச்சுன்னு ஆபீஸ்ல போட்டுத் தர்ற நம்பர், வாங்கினோம். இது முக்கியம், நம்பர் இல்லாம குடுத்த லெட்டர் லெட்டரே இல்ல, போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ரெண்டு வாரம் அசைவில்ல. அப்புறம் யுஜிசியோட இ-சமாதான் போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் போட்டேன், ஆன்லைன்லயே போடலாம், ஒரு நம்பர் குடுப்பாங்க. அங்கேர்ந்து யூனிவர்சிட்டிக்கு விளக்கம் கேட்டு வந்த உடனே அதே சார் எனக்குப் போன் பண்றாரு. "ஏம்மா, நேர்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, எதுக்கு மேல போட்ட?" நான் அவர நேர்ல பார்த்தது அதுக்குள்ள ஆறு தடவ. சொன்னேன் சார்னு மட்டும் சொன்னேன். மூணாவது நாள் லாகின் மாறிச்சு, ஏழு மாசத்தையும் ஒரே மத்தியானத்துல கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க. அவ்ளோதான் வேல அது.

முடிஞ்சதுன்னு பார்த்தா இல்ல. மத்த மூணு பேருக்கும் வந்துருச்சு, எனக்கு மட்டும் ஃபெயில்டு. செக்‌ஷன் சார் முகத்துல ஒரு சின்ன சந்தோஷம், "பார்த்தியா, எங்க மேல தப்பில்ல"ன்னு.

இப்பதான் சீடிங் கதை. நம்ம ஃபெல்லோஷிப் காசு ஆதார் வழியா வருது, நாம ஃபார்ம்ல எழுதிக் குடுத்த அக்கவுன்ட் நம்பருக்கு இல்ல, ஆதார் கடைசியா எந்த பேங்க்ல சீட் ஆகியிருக்கோ அங்க. ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க்தான். என் பேங்க்ல போய்க் கேட்டா "லிங்க் ஆகித்தாம்மா இருக்கு"ன்னு ஸ்க்ரீனத் திருப்பியே காட்டுனாங்க. அது கேஒய்சிக்கு, அதாவது நாம யாருன்னு பேங்க் சரிபார்க்குறதுக்கு, லிங்க் ஆனது, மானியம் ஸ்காலர்ஷிப்லாம் வர்ற சீடிங் வேற, இது தெரியாம அந்த பேங்குக்கு நான் ரெண்டு நாள் வீணா அலைஞ்சேன். மைஆதார் சைட்டுல லாகின் பண்ணி பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு இருக்குறதப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும். அதுக்கும் ஓடிபி அப்பா நம்பருக்குப் போவுது, அப்பா போன வீட்ல வெச்சுட்டு வயலுக்குப் போயிட்டாரு, சாயங்காலம்தான் பார்க்க முடிஞ்சுது.

பார்த்தா ஏதோ ஒரு பேமென்ட்ஸ் பேங்க் பேரு காட்டுது. எனக்கு அங்க அக்கவுன்ட் இருக்குறதே அப்பதான் ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் கடையில சிம் வாங்கும்போது அந்தத் தம்பி "அக்கா, ஒரு அக்கவுன்ட் ஃப்ரீயா ஓப்பன் ஆகும்"னு விரல வைக்கச் சொன்னான், வெச்சேன். அந்த ஒரு விரல்ல ஆதார் அங்க தாவிருச்சு. சரி, அங்கயாச்சும் காசு வந்திருக்கணுமேன்னா, பேமென்ட்ஸ் பேங்க் அக்கவுன்ட்ல நாள் முடிவுல 2 லட்சத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ரூல். எனக்கு வர வேண்டியது 2,59,000. உள்ள போகாம திரும்பிருச்சு. மாசாமாசம் 37,000 வந்திருந்தா தெரியாமலே அங்க விழுந்துட்டு இருந்திருக்கும், இவங்க மொத்தமா சேர்த்து விட்டதால மாட்டிக்கிச்சு. சிரிக்கிறதா அழுவுறதா தெரியல.

பேங்க்ல மறுபடி போய் ஆதார் சீடிங் கன்சென்ட் ஃபார்ம்னு பேரு சொல்லியே கேட்டு வாங்குனேன், லிங்க் பண்ணணும்னு சொல்லாதீங்க, திரும்ப ஸ்க்ரீனத் திருப்பிக் காட்டுவாங்க. குடுத்ததுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் கிழிச்சு வாங்கிக்கோங்க. நாலு நாள்ல மாறிருச்சு. செக்‌ஷன்ல சொல்லி திரும்ப ஏத்த வெச்சு, மூணு வாரம் கழிச்சு நேத்து வந்துச்சு.

இந்த ஏழு மாசத்துல எரிச்சல் இல்லாம நடந்த ஒரே விஷயம் லைப்ரரி. வாடக குடுக்க முடியாம ஊருக்குப் போயிட்டேன், ஜர்னல் எல்லாம் கேம்பஸ் நெட்லதான் தொறக்கும்னு கவலப்பட்டேன், லைப்ரரியன் மேடம் வெளியில இருந்தே ஜர்னல் தொறக்குற இன்ஃபெட் லாகின் ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க, பத்து நிமிஷம், வீட்லேர்ந்தே படிச்சேன். 2025 ஜனவரிலேர்ந்து ஒரே நாடு ஒரே சந்தாங்குற மத்திய அரசு திட்டத்துல 13,000 ஜர்னலுக்கு மேல வருது, உங்க யூனிவர்சிட்டி இருக்கான்னு கேளுங்க, நாம கேக்காம யாரும் சொல்றதில்ல. எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க கொழந்த பொறந்தப்ப லீவு கெடைக்காதுன்னு நினைச்சு மூணாவது மாசமே வந்து கையெழுத்துப் போட்டாங்க. யுஜிசியோட 2022 பிஎச்டி ரெகுலேஷன்ல 240 நாள் வரைக்கும் இருக்கு, அவங்களுக்கு யாருமே சொல்லல. இத நினைச்சா எனக்குக் காசு வராததவிட கோவம் வருது.

இன்னொண்ணு, சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன், சொல்லிடுறேன். காசு நின்ன அஞ்சாவது மாசம் ராத்திரி ஒரு மணிக்கு தூக்கம் வராம 14416க்கு கூப்பிட்டேன், டெலி மானஸ்ங்குற மனநல உதவி லைன், காசு கெடயாது, தமிழ்லயே பேசுனாங்க. ஃபெல்லோஷிப் வாங்கித் தரமாட்டாங்கதான், ஆனா அன்னிக்குத் தூங்குனேன்.

இப்ப மிச்சம் ஹெச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகப் படி. அதுக்கு நான் ஹாஸ்டல்ல இல்லன்னு வார்டன் எழுதித் தரணும். போய்க் கேட்டா, "நீ ஹாஸ்டல்லயே இல்லையேம்மா, உன்னை எனக்குத் தெரியாது, தெரியாத புள்ளைக்கு நான் எப்படி எழுதித் தர்றது"ங்குறாங்க. லெட்டர் குடுத்துட்டு வந்திருக்கேன். இன்வர்டு நம்பர் வாங்கிட்டேன்.