கறுப்புச் சில்லுகள்: ஆய்வக நாட்குறிப்பு

ஜனவரி 6

மூட்டையைப் பிரித்துவிட்டேன். பழைய டிவி, மானிட்டர், பிரிண்டர் கூடுகளை விரல்நக அளவுக்கு அரைத்த சில்லுகள். பெரும்பாலும் கறுப்பு. ஆலைகளில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி எது எந்தப் பிளாஸ்டிக் என்று இனம் காண்பார்கள். கறுப்பு நிறத்துக்காகச் சேர்த்த கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் இங்கே அது உதவாது. மிதக்கவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் இருப்பது 22.3 சதவீதம். முனைவர் பட்டத்துக்கு இந்த விஷயத்தை எடுத்ததே அந்த எண்ணைப் படித்த பிறகுதான்.

ஜனவரி 9

முதலில் வெறும் தண்ணீர். பாலிபுரோப்பிலீன் மேலே வந்துவிட்டது. அப்புறம் உப்புக் கரைசல்: 100 கிராமில் 11 கிராம் உப்பு இருந்தால் அடர்த்தி ஏறக்குறைய 1.08. எனக்கு வேண்டிய ஏபிஎஸ் (கூடுகள் செய்யும் கடினமான பிளாஸ்டிக்) 1.05-ஐ ஒட்டி இருப்பதால் மிதக்கும். புரோமின் கலந்த தீத்தடுப்பான் உள்ளவை கனம் கூடி அடியில் தங்கும்.

காலையில் சில சில்லுகள் மூழ்க வேண்டியவை மூழ்காமல் நின்றன. குனிந்து பார்த்தால், விளிம்பில் கடுகைவிடச் சிறிய காற்றுக்குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டு சில்லைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. சோப்புக் கரைசல் இரண்டு சொட்டு விட்டுக் கலக்கியதும் குமிழி விலகி, சில்லு மெதுவாக இறங்கியது.

இந்த இடத்தில் அலட்சியம் கூடாது. பழைய கூடுகளில் சேர்த்த டெக்காபுரோமோ டைஃபினைல் ஈதர் என்ற புரோமின் தீத்தடுப்பானை 2017-ல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்கவேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள். பிரிக்காமல் உருக்கினால் அது அப்படியே புதுப் பொருளுக்குள் போய் உட்காரும். மிதந்ததை எக்ஸ்ரே கருவியில் வைத்துப் புரோமின் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன்.

ஜனவரி 20

80 டிகிரியில் உலர்த்தி, 220 டிகிரியில் உருக்கி, குருணையாக்கி, சோதனைப் பட்டைகள் வார்த்தாயிற்று.

ஜனவரி 23

பத்துப் பட்டைகளை இழுத்தேன். மூன்று நன்றாக நீண்டன. நீளும்போது கறுப்பு வெளுத்துச் சாம்பலானது. உள்ளே இருக்கும் ரப்பர் துகள்கள் விசையைத் தாங்கி வேலை செய்வதன் அடையாளம் அது. மற்ற ஏழும் வெளுக்கவே இல்லை, பட்டென்று ஒடிந்துவிட்டன. ஒரே குருணை, ஒரே அச்சு, ஒரே நாள்.

பிப்ரவரி 4

ரப்பர் செத்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஏபிஎஸ்ஸில் பியூட்டாடையீன் ரப்பர்தான் அடி தாங்கும் பகுதி. வெயிலும் ஆக்சிஜனும் முதலில் கை வைப்பதும் அதன்மேல்தான். அதனால் புது ரப்பர் சேர்த்து ஒரு தொகுதி வார்த்தேன். சராசரி கொஞ்சம் ஏறியது. ஆனால் பட்டைக்குப் பட்டை இருந்த வேறுபாடு குறையவில்லை, பாதிப் பட்டைகள் அதே மாதிரி ஒடிந்தன. இரண்டு வாரம் போயிற்று. மனசு விட்டுப்போனது.

வழிகாட்டியிடம் எண்களைக் காட்டினேன். "சராசரியை விடும்மா. ஒடிஞ்சதை எடுத்துப் பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை.

பிப்ரவரி 6

பார்த்தேன். நுண்ணோக்கியின் கீழே ஒடிந்த முகம் ஒரு விசிறிபோல விரிகிறது. கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் எல்லாம் ஒரு புள்ளியில் போய்ச் சேருகின்றன. அந்தப் புள்ளியில் ஒரு துணுக்கு, மினுக்கும் உலோகத் தூள். அடுத்ததில் உருகாத ஸ்டிக்கர் நார். இன்னொன்றில் கறுப்பு ரப்பர் அடிக்கட்டையின் துண்டு. ஒடிந்த ஏழிலும் ஏதோ ஒன்று இருந்தது!

அகச்சிவப்பு நிறமாலையும் எடுத்தேன் (மாதிரியின் மேல் நேரடியாக அழுத்திப் பார்க்கும் முறையில் கறுப்பும் ஓரளவு பேசும்). 966 என்ற அலை எண்ணில் பியூட்டாடையீனின் முகடு தெளிவாக நிற்கிறது. ரப்பர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. நான் புண்ணைக் கழுவாமலே மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18

உருக்கும் இயந்திரத்தின் வாயில் 150 மைக்ரான் சல்லடைக்குப் பதிலாக 75 மைக்ரான். அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. பலமுறை நிறுத்திச் சல்லடையை மாற்ற வேண்டியிருந்தது. கழற்றிய சல்லடையின் மேல் வண்ணத் தோல், செம்பு இழை, மண். இதையெல்லாம்தான் பட்டைக்குள் வைத்து வார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 21

எதையும் சேர்க்காத தொகுதி. பத்தில் எட்டு வெளுத்து நீண்டன. எட்டாவது பட்டையை இழுக்கும்போது கை நடுங்கியது.

பிப்ரவரி 24

நீளாத இரண்டையும் பார்த்தேன். துணுக்கு எதுவும் இல்லை. உடைந்த முகம் ஏடு ஏடாக உரிந்திருக்கிறது. ஹிப்ஸ் என்கிற பாலிஸ்டைரீன் உள்ளே புகுந்திருக்க வேண்டும். அதன் அடர்த்தியும் 1.05-ஐ ஒட்டியதுதான், ஏபிஎஸ்ஸோடு கலக்கவும் செய்யாது. உப்புத் தண்ணீரால் இவற்றைப் பிரிக்க முடியாது. உராயும்போது இரண்டும் வெவ்வேறு மின்னேற்றம் பெறுவதால் மின்புலத்தில் பிரிக்க வழி உண்டு. திங்கள்கிழமைக்கு அந்தக் கருவியில் நேரம் கேட்டு எழுதியிருக்கிறேன். அதற்குள் சில்லுகளை ஈரமே இல்லாமல் காய வைக்க வேண்டும்.